தவமணி எழுதிய பத்துச் சுற்று

நெடுவாய்க்காலில் ஒரு வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு, வாயுள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ‘வணக்கம்’ என்று சொன்னோம். புரோட்டாக் கடைக்காரர் கல்லில் மாவை விசிறிக்கொண்டே சொன்னார், அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர்கள் மூட்டைக்கு அடியிலிருந்து சொன்னார்கள், பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார்கள். பேச்சே வராத தன் கைக்குழந்தையும் சொன்னதாக ஒரு பெண் இன்றுவரை சாதிக்கிறாள். நான் என் ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒருவருடைய வாரிசுச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டே சொன்னேன். யாருக்குச் சொன்னோம் என்றுதான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சற்று நேரத்தில், என் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மகளிர் கணினிப் பயிற்சி மையத்திலிருந்து ஜெசிந்தா டீச்சர் முகமெல்லாம் வேர்த்து வெளியே வந்தாள். இருபத்து நாலு வயசுப் பெண், வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து பாடம் நடத்துகிறவள். “அண்ணே, இப்ப எல்லாரும் ஏதாவது சொன்னீங்களா?” என்று கேட்டாள். “வணக்கம் சொன்னோம் டீச்சர்” என்றேன். அவள் திரும்பி உள்ளே பார்த்து, “தவமணியக்கா, நீங்க என்ன எழுதினீங்க?” என்றாள். உள்ளேயிருந்து ஒரு பயந்த குரல், “நீங்க எழுதச் சொன்னதத்தான் டீச்சர். வணக்கம் சொல்லுன்னு” என்றது.

தவமணி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவு அமைப்பாளர். இருபது வருஷமாகப் படி போட்டு அரிசி அளந்து, பந்தி பந்தியாகப் பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவி முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். கணினி கற்றிருந்தால் நல்லது என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நல்லது என்றால் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளும் ஆள் அவள். நாற்பத்தாறு வயதில் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். இங்கிலீஷ் தெரியாதவர்களும் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்று ஜெசிந்தா கட்டளைகளையெல்லாம் தமிழில் மாற்றி வைத்திருந்தாள். தவமணி போய் உட்கார்ந்தது சுவரோரமாக இருந்த மூன்றாவது கணினி. அதில் எழுதி ஓடவிட்டது ஊரில் ஏன் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நாங்களும் இரண்டு நாள்தான் கேட்டுக்கொண்டிருந்தோம், மூன்றாவது நாள் கேள்வி சலித்துப்போய், அதை வைத்து என்னென்ன செய்துகொள்ளலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டோம்.

ஆனால் அதற்குள் காக்கை விஷயம் நடந்துவிட்டது. ‘காக்கை பறக்கட்டும்’ என்று இன்னொரு பெண் அதே கணினியில் எழுதி ஓடவிட்டு, பயந்துபோய் நடுவில் நிறுத்தற் பொத்தானை அழுத்திவிட்டாள். கடைத்தெருவுக்கு மேலே, மின்கம்பி உயரத்துக்கும் கொஞ்சம் மேலே, இறக்கை விரித்தபடி ஒரு காக்கை அப்படியே நின்றுபோனது. இறங்கவும் இல்லை, விழவும் இல்லை. திரும்ப ஓடவிட்டால் வேறு காக்கைதான் பறந்தது. மழையிலும் வெயிலிலும் அது அங்கேயே இருந்தது. கண் மட்டும் அசைந்தது, கீழே போகிறவர்களை அது பார்த்தது. ஒரே வாரத்தில் நாங்கள் பழகிக்கொண்டோம். வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போது ‘காக்காவுக்குக் கீழ இருக்க மருந்துக்கடை’ என்று சொல்லத் தொடங்கினோம். ஜெசிந்தா மட்டும் அந்தப் பக்கம் போனால் தலை குனிந்துகொண்டே போவாள். ஓடுவது எதையும் பாதியில் நிறுத்தக் கூடாது, கரண்ட் போனாலும் நிறுத்தியது மாதிரிதான், அதனால் கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, சின்னச் சின்னதாக எழுதி, தன்னிடம் காட்டிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஊர்க்கூட்டம் போட்டோம். நாங்கள் எதற்கும் கூட்டம் போடுகிறவர்கள். மழை கேட்கக் கூடாது, செத்தவர்களைக் கேட்கக் கூடாது, தேர்தல் பக்கமே போகக் கூடாது, கல்யாணம் காதுகுத்து என்று தனியாள் காரியம் எதுவும் ஆகாது, ஊருக்குப் பொதுவாக ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. என்ன கேட்பது என்பதில் இரண்டு மணி நேரம் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் பஸ் கேட்பது என்று ஒப்புக்கொண்டோம். ஏனென்றால் எங்கள் ஊருக்கென்று ஓடவேண்டிய பஸ் ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே போய்விடும். ஒன்பது வருஷமாக நாங்கள் மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மனுக்கள் அத்தனையும் எழுதியவன் நான். குணசேகரன் என்ற என் பெயர் எந்த அலுவலகத்தில் தெரியாவிட்டாலும் போக்குவரத்துக் கழக அலுவலகத்தில் தெரியும். அதனால் இந்த மனுவையும் நானே எழுதித் தவமணியிடம் கொடுத்தேன். ‘பேருந்து ஊரைச் சுற்றிப் பத்துத் தடவை வர வேண்டும்.’

பத்துத் தடவை என்பதற்கு வளையம் எழுத வேண்டும் என்று ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தாள். ஒரு டப்பாவுக்கு மேலே பெயர் ஒட்டி உள்ளே எண்ணைப் போட்டுவைப்பது மாதிரி முதலில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதில் ஒன்றைக் கூட்ட வேண்டும், வேண்டிய எண் வந்ததும் வளையம் தானாக நின்றுவிடும். தவமணி இரண்டு நாள் நோட்டில் எழுதி எழுதி அடித்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் நோட்டில் கடைசியாக நின்றது இதுதான்:

சுற்று = லாபம்
சுற்று பத்து ஆகும்வரை
   பேருந்தை ஊரைச் சுற்றி ஓட்டு
   நிறுத்தத்தில் ஆட்களை ஏற்று
   சுற்றோடு ஒன்றைக் கூட்டு
எல்லாரையும் இறக்கு

அன்றைக்கென்று ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் வழியில் பஞ்சராகிவிட்டது. மையத்து வாசலில் ஐம்பது பேர் கூடியிருந்தோம். “டீச்சர் வரட்டும், காட்டிட்டு அழுத்துறேன்” என்றாள் தவமணி. பிடிவாதமாகச் சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். அவள் மகள் வெண்ணிலா, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள், அன்று சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். “புள்ளத்தாச்சிப் பொண்ணு எவ்வளவு நேரம் நிக்கும்? டீச்சர் வந்து புதுசா என்னத்தக் கண்டுபிடிக்கப் போவுது? அழுத்துக்கா” என்றேன். இதை நான் யார்மீதும் போட முடியாது. பத்து இருபத்து நாலுக்குத் தவமணி அழுத்தினாள்.

புறவழிச்சாலையில் போய்க்கொண்டிருந்த பஸ் திரும்பி ஊருக்குள் வந்தது. ஓட்டுநரும் நடத்துநர் பக்கிரிசாமியும் தாங்கள் ஏன் வந்தோம் என்று தெரியாமல் வந்தார்கள், வந்ததும் அதுதான் தங்கள் வழக்கம் என்பது போலக் கடைத்தெரு நிறுத்தத்தில் நிறுத்தினார்கள். விசிலும் கைதட்டலுமாக முப்பத்தொரு பேர் ஏறினோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நான் ஏறவில்லை, கடை இருந்தது. வெண்ணிலா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று பக்கிரிசாமி கத்தினார். பஸ் அரிசி ஆலையைச் சுற்றி, பள்ளிக்கூடத்து முனையில் திரும்பி, வாய்க்கால் பாலத்தைக் கடந்து, சுகாதார நிலையத்தில் நின்று, பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பக் கடைத்தெருவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்து முனையில் வெண்ணிலாவுக்கு முதல் வலி எடுத்து “அம்மா” என்று ஒரு சத்தம் போட்டாள் என்று அங்கிருந்த ஒருவர் ஓடிவந்து சொன்னார். சுகாதார நிலையத்துச் செவிலியர் நசீமா வாசலிலேயே காத்து நின்றும் வெண்ணிலா இறங்கவில்லை என்று இன்னொருவர் வந்து சொன்னார்.

கடைத்தெருவிலும் ஒருவர் கூட இறங்கவில்லை. “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று பக்கிரிசாமி யாருமில்லாத படியைப் பார்த்துக் கத்தினார், பஸ் கிளம்பியது. அடுத்த பன்னிரண்டாவது நிமிடம் பள்ளிக்கூடத்து முனையிலிருந்து அதே “அம்மா”. மூன்றாவது தடவை பஸ் நின்றபோது தவமணி ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “வெண்ணிலா, எறங்குடி, எறங்கிடு” என்று கதறினாள். வெண்ணிலா நேராகப் பார்த்தபடி, முதல் தடவை பக்கத்து சீட்காரியிடம் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. கண் அம்மாவைப் பார்த்தது. அந்தப் பார்வையை நாங்கள் ஏற்கெனவே கடைத்தெருவுக்கு மேலே பார்த்துப் பழகியிருந்தோம், அதனால் எல்லாருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிகிறது, வாயும் கைகாலும்தான் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

ஜெசிந்தா வந்து திரையைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, எண் போட வேண்டிய எடத்துல லாபம்னு போட்டிருக்கீங்களே.”

“ஒண்ணுன்னு எப்படி டீச்சர் போடுவேன்? அளக்கறப்ப மொதப் படிய யாராவது ஒண்ணுன்னு சொல்லுவாங்களா? லாபம், ரெண்டு, மூணுன்னுதானே எண்ணுவோம்.”

“அது நமக்குத் தெரியும்க்கா, இதுக்குத் தெரியாது. லாபத்தோட ஒண்ணைக் கூட்டுன்னா என்னன்னு தெரியாம லாபம்னே திருப்பி வைக்குது. எத்தன சுத்து வந்தாலும் இதுக்கு இன்னும் மொத சுத்துதான். இப்ப திருத்தணும்னா நிறுத்தித்தான் திருத்தணும், நிறுத்தவும் கூடாது. ஆமா, எறக்குன்னு சொல்றத ஏன் வளையத்துக்கு வெளியில கடைசியில வச்சீங்க?”

தவமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “பந்தியில பாதியில யாரும் எந்திரிக்கக் கூடாதுல்ல டீச்சர். எல்லாரும் முடிச்சிட்டு ஒண்ணா எந்திரிக்கறதுதானே மொற” என்றாள்.

அவளை ஏசுவதற்கு எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த நோட்டை அன்று காலையில் நானும்தான் வாங்கிப் பார்த்தேன், என் கண்ணுக்கும் எல்லாம் சரியாகத்தான் பட்டது. முதலாவதை லாபம் என்பதும் பந்தியிலிருந்து ஒன்றாக எழுவதும் எனக்கும் பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். எங்கள் ஊரில் யார் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

மணி பதினொன்று நாற்பதுக்கு நசீமா சுகாதார நிலையத்திலிருந்து வண்டியில் வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் பஸ் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஜன்னல் வழியாகக் கைவிட்டு வெண்ணிலாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். “பஸ்ஸுக்கு வேணா மொத சுத்தா இருக்கலாம், அவ ஒடம்புக்கு அப்படி இல்ல. ஒவ்வொரு தடவையும் மொத வலியையே எடுக்குது, அடுத்த வலிக்குப் போவ மாட்டேங்குது. நாடி எறங்கிக்கிட்டே வருது. இப்படியே சுத்தினா தாயும் தங்காது, புள்ளயும் தங்காது” என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள்தான் ஊராட்சி ஒலிபெருக்கி காலையில் சொன்னதையே இன்னொரு முறை சொன்னது, பராமரிப்புப் பணிக்காக இன்று மதியம் இரண்டு மணி முதல் மின்தடை. மின்வாரியத்துக்குப் போன் போட்டோம். பன்னிரண்டு ஊருக்குச் சேர்த்து நிறுத்துகிறோம், பஸ் சுற்றுகிறது என்பதற்காகவெல்லாம் தள்ளிவைக்க முடியாது என்று நியாயமாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். மையத்து பேட்டரி செத்து ஒரு வருஷமாகி, அதன்மேல் சாமி படம் வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் அந்த பஸ் எங்கே இருக்கிறதோ அங்கேயே, முப்பத்தொரு பேரோடும் பிறக்காத ஒரு பிள்ளையோடும், மழையிலும் வெயிலிலும் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நாளில் நாங்கள் அதற்கும் பழகிவிடுவோம். ‘பஸ்ஸுக்கு எதிர்த்த வீடு’ என்று வழிசொல்வோம். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

தவமணி அழுகையை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சமையற்கூடத்தில் யாருக்கோ வேலை சொல்லும் குரலில் பேசினாள்.

“டீச்சர், அளந்த அரிசியத் திரும்பச் சாக்குலயே கொட்டி அதையே அளந்தா, எத்தன தடவ அளந்தாலும் லாபம்தானே? ரெண்டுன்னு சொல்ல முடியாதுல்ல?”

“ஆமாக்கா.”

“ரெண்டுன்னு சொல்லணும்னா வேற அரிசி வரணும். மொத சுத்துல இல்லாத ஆளு ஒண்ணு அதுல ஏறினா, அது எப்படி மொத சுத்தா இருக்கும்?”

ஜெசிந்தா நோட்டை வாங்கி வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாள். “இருக்காதுன்னுதான் தோணுது. ஆனா எனக்குத் தெரியாதுக்கா. ஏறிட்டா எறங்க முடியாது. ஒரு சுத்துக்கு ஒருத்தர்னு, பத்து ஆவறதுக்கு ஒன்பது பேர் ஏறணும்” என்றாள். ஆட்டுக்குட்டி ஏற்றிப் பார்க்கலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். “ஆட்களை ஏற்றுன்னு எழுதியிருக்கு” என்று ஜெசிந்தா சொன்னாள். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு பஸ் வந்து நின்றது. தவமணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஏறினாள். “உள்ள போ” என்று தொடங்கிய பக்கிரிசாமி வாயைத் திறந்தபடி நின்றார், பிறகு, முதல் சுற்றில் சொல்லாத சொல்லைக் கஷ்டப்பட்டுச் சொன்னார், “எங்கம்மா போவணும்?” பஸ் நகர்ந்தது. பன்னிரண்டாவது நிமிடம் முடியும் முன்பே, மைக்கை மையத்துக்குள் இழுத்து வைத்திருந்த ஊராட்சி ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் குரல் உடைந்து வந்தது. “ரெண்டு. ரெண்டுன்னு வந்திருச்சு.” அந்தச் சுற்றில் பள்ளிக்கூடத்து முனையில் வெண்ணிலா போட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது, முன்னைவிடப் பெரிதாக இருந்தது, வலி இரண்டாவது படிக்குப் போயிருந்தது.

அடுத்து நசீமா பையோடு ஏறினாள், யாரும் கேட்காமலே. அப்புறம் புரோட்டாக் கடைக்காரர், அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவாமல் ஏறினார். வரப்புச் சண்டை அண்ணன் ஏறினார். அடுத்த சுற்றுக்கு, அண்ணன் ஏறிய பஸ்ஸை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி யாரையோ திட்டிக்கொண்டே ஏறினார். சமையல் உதவியாளர் அஞ்சம்மாள், தவமணியோடு ஒரு நாள் விடாமல் சண்டை போடுகிறவள், “அவ மட்டும் பெரிய இவளா” என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவர் வழியிலேயே ஆலை நிறுத்தத்தில் ஏறிக்கொண்டார், பெயர்கூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வார்டு உறுப்பினர் வைரக்கண்ணு, இவன் எங்கே ஏறப்போகிறான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே மனைவிக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏறிவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலிபெருக்கி எண்ணியது, மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் பள்ளிக்கூடத்து முனையில் வலி கூடியது. மணி ஒன்று முப்பத்தாறுக்கு ஒலிபெருக்கி ஒன்பது என்றது. இன்னும் ஒருவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள். “கடைய மூடிட்டு வந்துடறேன்” என்றேன். ஷட்டரை இழுத்தேன், பூட்டைத் தேடினேன், பூட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது, எனக்குத் தெரியும். நான் திரும்பியபோது பஸ் போயிருந்தது. அந்தச் சுற்று வீணானது. ஒலிபெருக்கி மறுபடியும் ஒன்பது என்றது. அதில் ஜெசிந்தா எதுவும் கூட்டிச் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒன்பதை அவள் எனக்காகத்தான் சொன்னாள்.

ஒன்று நாற்பத்தெட்டு. இதுதான் கடைசி, இந்தச் சுற்று முடியும்போது மணி இரண்டு. பஸ் நின்றது. நான் வலது காலைப் படியில் வைத்தேன், கம்பியைப் பிடித்தேன். உள்ளே தவமணி மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள், நசீமா முழங்காலிட்டிருந்தாள், வெண்ணிலா என்னைப் பார்த்தாள். மேலே வை இன்னொரு காலை என்று என் மனசு சொன்னது. என் கால் கேட்கவில்லை. என்னை எந்தக் கணினியும் பிடித்து வைத்திருக்கவில்லை, எந்தக் கட்டளையும் என்மேல் ஓடவில்லை, சும்மா பயம்தான். இரண்டு மணிக்குள் முடியாமல் போனால் காலமெல்லாம் அதில் நிற்க வேண்டுமே என்ற பயம். எனக்குப் பின்னால் ஆலைக்காரப் பெண் ஒருத்தி ஏறுவதற்குத் தயாராக வந்து, படியை நான் அடைத்துக்கொண்டு நின்றதால், “போண்ணே, இல்ல வழிய விடு” என்று என் முதுகில் கைவைத்தாள். பஸ் நகர்ந்தது. நான் காலைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கும் நேரமில்லாமல் போனது. மற்ற நிறுத்தங்களில் யாரும் இல்லை. கடைசி ஆளாகக் குணசேகரன் ஏறுகிறான் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்ததால், எல்லாரும் அவனைப் பார்ப்பதற்குக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. யாருக்கும் அதற்கு நேரமில்லை. கடைத்தெருவில் இருநூறு பேர் நின்று பஸ்ஸின் சத்தத்தைக் காதாலேயே பின்தொடர்ந்தோம். அரிசி ஆலை. அதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்து முனை. அங்கே வெண்ணிலாவின் குரல் எழுந்தது. இதுவரை எழுந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல எழுந்து, நீண்டு, பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் கேட்டது. அப்புறம் நின்றது. பாலத்தில் பஸ் ஏறும் சத்தம் கேட்டது, இறங்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னால் மூடத்தான் முடிந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஜெசிந்தா ஏதோ சொல்ல முயன்று அழுதாள், மறுபடி முயன்றாள்.

“பத்து” என்றாள். “யாரோ ஏறிட்டாங்க. பத்துன்னு வந்திருச்சு.”

யார் ஏறியது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுகாதார நிலையத்துப் பக்கத்திலிருந்து பஸ் திரும்பியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்குள்ளிருந்து, முதல் சுற்றில் இல்லாத, எந்தச் சுற்றிலும் இல்லாத ஒரு புதுக் குரல், தொண்டை கிழிய அழுதுகொண்டு வந்தது.

பஸ் நின்றது. எல்லாரையும் இறக்கியது. காலையிலிருந்து சிரித்த சிரிப்பையே சிரித்துக் களைத்தவர்கள் இறங்கினதும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள். அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கி, தரையில் கால் பட்டதும் விட்டுவிட்டார்கள். பக்கிரிசாமி கடைசியாக இறங்கி, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கால் தரையில் பட்ட கணத்தில் டீக்கடை விசிறி சுற்றி நின்றது, ரேடியோ அடங்கியது. கரண்ட் போயிருந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

தவமணி குழந்தையை முந்தானையில் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். பெண் குழந்தை. “தோள்ல இருக்க துண்டக் குடு குணா, சேல ஈரமா இருக்கு” என்றாள். கொடுத்தேன். அந்த நாள் முழுவதிலும் நான் கொடுத்தது அந்த ஒரு துண்டுதான். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வர, வெண்ணிலா என்னைக் கடந்து போனாள். காலையிலிருந்து அம்மா என்பதைத் தவிர வேறு சொல் சொல்ல விடாத வாய் அது. என் பக்கத்தில் நின்று, கோபமே இல்லாமல், முதல் சொல்லாக இதைச் சொன்னாள்.

“நீங்க ஏறிடுவீங்கன்னு நெனச்சேண்ணே.”

மூன்று வருஷமாகிறது. தவமணி படிப்பை முடித்துவிட்டு, இப்போது வேறு கணினிகளில், யாருக்கும் எதுவும் நடக்காத சாதாரண நிரல்களை எழுதுகிறாள், எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறாள். அன்று பஸ்ஸில் பிறந்த அந்தக் குழந்தைக்கு என் கடைப் பக்கம் வருவதில் ஒரு விருப்பம், காகிதம் கேட்டு வருவாள். என் கடைக்கு நாலு படி. தூக்கிவிடப் போனால் கையைத் தட்டிவிடுவாள். ஒரு கையை மேல் படியில் ஊன்றி, முழங்காலைத் தூக்கி வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. நான் எந்த அதிகாரிக்கும் எழுந்திருக்காத ஆள். அவள் முதல் படியில் கை வைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, நாலாவது படி ஏறி முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்கிறேன்.